அறைக்குள் நின்ற பஸ்

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் யுவராஜ் வீட்டுப் பிள்ளைகளின் அறைக்குள் ஒரு பஸ் நின்றது. பஸ் மாதிரி செய்த கட்டில்தான் அது. முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் திறந்த சட்டம், அதன் கீழே இரண்டு விளக்குகள், பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல்கள், கால்மாட்டில் நிஜமாகவே சுற்றுகிற ஸ்டீயரிங். நெற்றியில் சிவப்பு எழுத்தில் ‘கொல்லிமலை’ என்று எழுதியிருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன், மூத்தவள் அருள்மொழிக்கு எட்டு வயதும் இளையவன் ராசுவுக்கு மூன்று வயதும் இருந்தபோது, மிளகுக் கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் சாய்ந்தது. அதைப் பலகையாக அறுத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து யுவராஜ் அந்தக் கட்டிலைச் செய்தான். வெளியே சாரல் அடித்ததால் அறைக்குள்ளேயே வைத்துச் செய்தான். பின்னால் வந்த எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. அன்று அது யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது அந்தக் கட்டிலைப் பார்க்கப் பக்கத்துக் காடு தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ராசு டிரைவர், அருள்மொழி கண்டக்டர். அவள் காலண்டர் தாளைக் கிழித்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுப்பாள். டிக்கெட் வாங்காமல் யுவராஜ் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. வாங்கிய டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போவான்.

இப்போது அருள்மொழி எட்டாம் வகுப்பு. வகுப்பில் உயரமான பிள்ளைகளில் ஒருத்தி. கால் நீட்டினால் பாதம் ஸ்டீயரிங்கில் இடிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், வளர்மதி வந்துபோகும் வரை.

வளர்மதி அவளுடைய வகுப்புத் தோழி. அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம்; சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அறிவியல் பாடத்துக்கு ஏதோ ஒரு மாடல் செய்ய வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை வந்தாள். அறையை எட்டிப் பார்த்தவள், “ஐயோ, வீட்டுக்குள்ள பஸ்!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வகுப்பு முழுக்க அருள்மொழிக்குக் ‘கண்டக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

கூடத்தில் அம்மா ராதிகாவின் தையல் மிஷின் இருந்தது. ஊருக்கெல்லாம் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைப்பவள் அவள். மிஷினைச் சுற்றித் துணி, அதைச் சுற்றி நூல், பக்கத்தில் மிளகு மூட்டை. இப்போது அதற்கு நடுவில் மகளும் படுத்தாள்.

“ஊசி கெடக்குது கண்ணு, குத்திப் போடும். உள்ள போய்ப் படு.”

“அந்த பஸ்ஸுல நான் படுக்க மாட்டேன்.”

“சரி, கீழ படு.”

“கீழ எங்க எடம் இருக்குது? ரூம் பூரா பஸ்தான் நிக்குது.”

அது உண்மைதான். பஸ் போக மீதி இருந்தது ஒரு ஆள் நடக்கிற சந்து. அந்தச் சந்திலும் ராசுவின் கிரிக்கெட் மட்டை கிடக்கும்.

ராதிகா புருஷனிடம் சொன்னாள். “ஏனுங்க, புள்ள பெருசாயிட்டா. அந்த ரூமை மாத்தோணும். நெறையச் செலவெல்லாம் வேண்டாம். பெயிண்ட் அடிச்சு, நடுவுல ஒரு திரை போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சுக் குடுத்துரலாம். ஆனா அந்தக் கட்டிலை எடுக்கோணும்.”

யுவராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். “எடுத்து?”

“எடுத்து எங்கியாச்சும் வெய்யுங்க.”

“எங்கியாச்சும்னா? மழையிலயா?”

ராசு உள்ளேயிருந்து கத்தினான். “பஸ் என்னுது. ஆரும் தொடக் கூடாது!”

“நீ சும்மா இருடா!” என்றாள் ராதிகா.

“அவன் சொல்லறதுல என்ன தப்பு?” என்றான் யுவராஜ். “ஒரு மழைக்காலம் பூரா முதுகு ஒடிய உக்காந்து பண்ணுனது. எவளோ ஒருத்தி சிரிச்சான்னு தூக்கி வீசச் சொல்லறியா?”

அதற்குப் பிறகு அவன் மகளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். மகளும் அப்படியே. இருவருக்கும் சொல்ல வேண்டியது எல்லாம் ராதிகா வழியாகப் போனது. “அப்பாகிட்ட நோட்டு வாங்கோணும்னு சொல்லு.” “அவகிட்ட லைட்டை அணைக்கச் சொல்லு.” இருவரும் நிற்பது ஒரே கூடத்தில். நடுவில் மிஷினை மிதித்துக்கொண்டு ராதிகா. ஒரு நாள் கால் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைக்க அரை நாள் போனது.

என்ன நிறம் வேண்டும் என்று மகளைக் கேட்டாள். அருள்மொழி லேவண்டர் என்றாள். மறுநாள் சாம்பல் நிறம் என்றாள். அதற்கு மறுநாள் எந்த நிறமும் வேண்டாம், வெள்ளையே போதும் என்றாள். “கடைசியாச் சொல்லு, உனக்கு என்னதான் வேணும்?” என்று ராதிகா பல்லைக் கடித்ததும் மறுபடியும் லேவண்டருக்கே வந்தாள். ராசுவைக் கேட்க வேண்டியதே இல்லை. பஸ் நிற்கிற சுவரில் ரோடு வரைய வேண்டும், அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் அர்த்தனாரி என்பவர் பெயிண்ட் கடை வைத்திருந்தார். கலக்கிக் கொடுத்த நிறம் பிடிக்காமல் யாராவது திருப்பிவிட்டால் அந்த டப்பாவை ஓரமாக வைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். ராதிகா பஸ் ஏறிக் கீழே போனாள்.

“லேவண்டர் இருக்குதுங்களா?”

அவர் ஒரு பெரிய டப்பாவைத் திறந்து காட்டினார். ராதிகா உள்ளே பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“இது கத்திரிக்காயாட்ட இருக்குதுங்களே?”

“லேவண்டர்தானுங்க. கொஞ்சம் கத்திரிக்காய்ப் பக்கம் சாஞ்சிருக்குது. செவுத்துல ஏறுனா சரியாப் போயிருமுங்க.”

கேட்ட விலைக்கு அதுதான் கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டாள். அவர் மூடியைக் கையால் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தட்டு போதவில்லை. பஸ் மலை ஏறத் தொடங்கி, வளைவுக்கு வளைவு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தபோது, காலுக்கிடையில் வைத்திருந்த டப்பா ராதிகாவின் பிடியிலிருந்து நழுவியது. இடப்பக்கம் ஓடியது, அடுத்த வளைவில் வலப்பக்கம் ஓடியது. அவள் எழுந்து பிடிப்பதற்குள் மூடி கழன்றது. கத்திரிக்காய் நிறம் பஸ்ஸின் நடுப்பாதையில் ஆறாக இறங்கி, ஒரு பெரியவரின் தவிட்டு மூட்டையை நனைத்து, கண்டக்டரின் இரண்டு செருப்பையும் மூழ்கடித்தது.

“ஏம்மா! மூடியைக் கட்டித் தூக்கீட்டு வரமாட்டியா?”

“தட்டித்தான் குடுத்தாங்கண்ணா…”

“இதை ஆரு தொடைக்கறது? நான் டிக்கெட் குடுக்கறதா, உன்ற பெயிண்டைத் தொடைக்கறதா?”

ராதிகாதான் துடைத்தாள். திரைக்காக வாங்கிய துணியைக் கிழித்து, வளைவு வரும்போதெல்லாம் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து செம்மேடு வரை துடைத்தாள். தவிட்டு மூட்டைப் பெரியவர் வழி முழுக்க, “எங்க ஆடு இதைத் திங்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது டப்பாவில் பாதிதான் மிஞ்சியிருந்தது. முழங்கை வரை அவளும் கத்திரிக்காயாகியிருந்தாள்.

வீட்டில் அவளைப் பார்த்ததும் ராசு விழுந்து விழுந்து சிரித்தான். அருள்மொழி டப்பாவை எட்டிப் பார்த்து, “இதா லேவண்டரு?” என்றாள்.

ராதிகா கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர நிறம் போகவில்லை.

திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள். “பெயிண்ட் வந்துருச்சு. கட்டிலை எடுத்தாத்தான் அடிக்க முடியும். என்ன சொல்லறீங்க?”

“எடுக்க முடிஞ்சா எடுத்துக்கங்க. ஒரு ஆணி புடுங்கக் கூடாது, ஒரு பலகை கழட்டக் கூடாது. முழுசா வெளிய போச்சுன்னா கொட்டாய்க்கடியில நிறுத்திக்கறேன்” என்றான் யுவராஜ். போகாது என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டு மறுநாள் காலை மிளகு மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு செம்மேட்டுக்குப் போய்விட்டான்.

ராதிகா அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் காட்டுச் சென்றாயனைக் கூப்பிட்டாள். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை லாரியில் ஏற்றுகிற ஆள்; எதையும் தூக்கிவிடலாம் என்று நம்புகிறவன். கதவைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், ஒற்றைக் கண்ணை மூடிக் கையால் அளந்தான்.

“போயிருமுங்க அக்கா. சாச்சுப் புடிச்சா ஜம்முனு போயிரும்.”

“நெசமாவா?”

“நான் சொல்லறனுங்கல்ல.”

சென்றாயனும் ராதிகாவும் முன்பக்கம் பிடித்தார்கள். அருள்மொழி அறைக்குள் நின்று பின்பக்கத்தைத் தள்ளினாள். அவள் அவ்வளவு உற்சாகமாக ஒரு வேலை செய்து பல மாதமாகிவிட்டது. ராசு கூடத்தில் நின்று அழுதான். பஸ்ஸைப் பக்கவாட்டில் சாய்த்ததும் விளக்குகள் வெளியே வந்தன, ‘கொல்லிமலை’ வெளியே வந்தது, முதல் ஜன்னலும் வந்தது. பிறகு சக்கரத்துக்காக யுவராஜ் வைத்திருந்த வட்டப் பலகை கதவு நிலையில் போய் இடித்தது.

“ஒரே தள்ளு, கண்ணு!” என்றான் சென்றாயன். அருள்மொழி தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

கிர்ரென்று ஒரு சத்தம். அதோடு பஸ் நின்றது. வெளியே இழுத்தால் வரவில்லை, உள்ளே தள்ளினால் போகவில்லை. நிலைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருந்தது; பஸ் ஜன்னல்களிலோ தலைகூட நுழையாது. அறையின் ஒரே ஜன்னலில் இரும்புக் கம்பி.

அருள்மொழி உள்ளே இருந்தாள்.

“சென்றாயா!” என்றாள் ராதிகா.

“போயிருக்கோணுமுங்க” என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டே. “எப்படி நின்னுதுன்னே தெரியலீங்க.”

அவர்கள் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். சோப்பு தேய்த்துப் பார்த்தார்கள். கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. ராசு அழுகையை நிறுத்திவிட்டு, இடைவெளி வழியாக அக்காவுக்கு வாழைப்பழம் கொடுத்தான். மிருகக்காட்சி சாலை மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னதும் உள்ளேயிருந்து தோல் பறந்து வந்தது.

ராதிகா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினாள். யுவராஜ் எடுத்ததும், “ஏனுங்க, உங்க பஸ் கதவுல மாட்டிக்கிச்சு, புள்ள உள்ள இருக்கறா, வந்து சேருங்க” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் வந்து வண்டியை நிறுத்தி, வாசலிலிருந்தே பார்த்தான். கூடத்துக்குள் பாதி பஸ் சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் எண்ணெயும் சோப்பும்.

“முழுசா வெளிய போனா எடுத்துக்கங்கன்னுதானே சொன்னேன்?” என்றான்.

அவ்வளவு நாளாக ராதிகா அடக்கி வைத்திருந்தது அதில் உடைந்துவிட்டது.

“என்னைக் கேளுங்க! எல்லாத்துக்கும் என்னைக் கேளுங்க! ஊட்டுக்குள்ள வெச்சுப் பண்ணுனது ஆரு? நானா? கதவை அளந்து பார்த்தீங்களா? புள்ள எட்டு வயசுலயே நின்னுருவான்னு நெனச்சீங்களா? அவளுக்கு லேவண்டரு வேணும், இவனுக்கு ரோடு வேணும், உங்களுக்கு ஆணி புடுங்கக் கூடாது. இந்த ஊட்டுல எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? பெயிண்டைத் தொடைச்சுத் தொடைச்சு என்ற கையைப் பாருங்க! நாளைக்கு ஆரு ஜாக்கெட்டை இந்தக் கையில தொடறது?”

சென்றாயன் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான். யுவராஜ் அவள் கையைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பல நாளுக்குப் பிறகு அவனை நேராகக் கூப்பிட்ட குரல்.

“அப்பா.”

“என்ன கண்ணு?”

“பாத்ரூம் போவோணுங்கப்பா.”

சென்றாயன் நிலையைப் பெயர்த்துவிடலாம் என்றான். நிலையைப் பெயர்த்தால் சுவர் போகும், சுவர் போனால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. யுவராஜ் கட்டிலைச் சுற்றிக் குனிந்து பார்த்தான். ஆட்டம் வரக் கூடாது என்று ஒவ்வொரு மூட்டுக்கும் பசை வைத்து ஆணி இறக்கியவன் அவன்தான். கழற்ற வழியே இல்லை. கொட்டாய்க்குப் போய்க் கைரம்பத்தை எடுத்து வந்தான். ரம்பத்தைப் பார்த்ததும் ராசு மறுபடி அழ ஆரம்பித்தான். ராதிகா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவனும் வளர்ந்துவிட்டான், தூக்க முடியவில்லை.

“கண்ணு, அந்தப் பக்கம் மேல் சட்டத்தைப் புடிச்சுக்க” என்றான் யுவராஜ். “ஆடுச்சுன்னா ரம்பம் மாட்டிக்கும்.”

அவள் பிடித்துக்கொண்டாள். பஸ் ஜன்னல் வழியாக ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. அவன் அறுக்கத் தொடங்கினான். முதல் சட்டம் விழுந்தது.

“ரொம்ப வருத்தமாங்கப்பா?”

“நல்ல மரம். அதான்.”

“பஸ்ஸு நல்லா இல்லீன்னு நான் சொல்லவே இல்ல. அதுல படுக்க மாட்டேன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்லீங்கப்பா. எல்லாரும் கேட்டப்பகூட எங்கப்பா பண்ணுனதுன்னுதான் சொன்னேன். அதுக்குப் பொறகுதான் இன்னும் சிரிச்சாங்க.”

யுவராஜ் ரம்பத்தை நிறுத்தி நெற்றியைத் துடைத்தான். மரத்தூள் புருவத்தில் ஒட்டியிருந்தது. பிறகு இன்னும் வேகமாக அறுத்தான். கடைசிப் பலகை விட்டதும் முன்பாதி தடாலென்று கூடத்தில் விழுந்து தையல் மிஷினின் பெடலில் இடித்தது. அருள்மொழி மீதிப் பாதியின் மேல் ஏறிக் குதித்து, எல்லோரையும் தாண்டி, கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. பாதி டப்பா பெயிண்ட் ஒரு சுவருக்குத்தான் வந்தது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மீதியில் ராதிகா வெள்ளையைக் கலந்து கலந்து அடித்தாள். அடுத்த சுவர் வெளிறியது, அதற்கடுத்தது இன்னும் வெளிறியது. கடைசிச் சுவரில் அருள்மொழி கேட்ட லேவண்டர் தானாகவே வந்து நின்றது. அந்தச் சுவர் தன் பக்கம் வேண்டும் என்று அருள்மொழியும், அக்காவுக்கு வேண்டுமென்றால் தனக்கும் வேண்டும் என்று ராசுவும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். ரோடு வரைவதைப் பற்றி அவன் மறந்தே போனான்.

முன்பாதிக்கு யுவராஜ் கால் வைத்து ராசுவுக்குக் கட்டிலாக்கினான். பின்பாதியைப் பிரித்து, நல்ல பலகையாகப் பொறுக்கி, மகளுக்கு ஒரு மேஜையும் புத்தகத் தட்டும் செய்தான். இந்த முறை கொட்டாயில் வைத்துச் செய்தான், மூட்டுக்கெல்லாம் திருகாணி. இழைத்து முடித்ததும் வாசலில் நின்று, “பெயிண்ட் அடிக்கட்டுமா, என்ன பண்ணட்டும்?” என்று மகளையே கேட்டான்.

“வேண்டாங்கப்பா. சும்மா மரமாவே இருக்கட்டும்.”

அவன் இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். யாராவது பார்த்தால், “சில்வர் ஓக்குல இத்தனை வழவழப்பு வராதுன்னு சொல்லுவாங்க, தொட்டுப் பாருங்க” என்பான். சோறு தின்னக் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

படுக்க அருள்மொழி பாயே போதும் என்றாள். ஒரு வாரத்தில் தரையின் சில்லிப்பு தாங்கவில்லை என்று கட்டில் கேட்டாள். ராதிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரைத் துணியைப் பஸ்ஸில் துடைக்கக் கிழித்தாயிற்று. அதனால் யூனிபாரம் தைத்ததில் மிஞ்சிய நீலத் துண்டுகளை எல்லாம் ஒட்டுப் போட்டு ராதிகா ஒரு திரை தைத்தாள். தன் பழைய பூப்போட்ட சேலையைக் கொடுக்கத்தான் நினைத்தாள். பூ வேண்டாம் என்று மகள் முகத்தைச் சுளித்துவிட்டாள். திரை அறையின் குறுக்கே தொங்கியது. பஸ் பக்கத்தில் ராசு. ஜன்னல் பக்கத்தில் அருள்மொழி.

திரை மாட்டிய மூன்றாம் நாள், மடித்த துணியைக் கையில் அடுக்கிக்கொண்டு ராதிகா உள்ளே போனாள். திரையை விலக்கப் போனபோது உள்ளேயிருந்து, “ஆரு?” என்று குரல் வந்தது.

“ஆருன்னா? நான்தான்.”

“கேட்டுட்டு வாம்மா.”

ராதிகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தத் திரையை நான் தைத்தேன், இந்தச் சுவரை நான் அடித்தேன், என் கையில் இன்னும் நகக்கண்ணில் கத்திரிக்காய் இருக்கிறது, எனக்கே கேள்வியா என்று வாய்வரை வந்தது. ராசு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று காத்திருந்தான்.

“வரலாமா?” என்றாள் கடைசியில்.

“ரெண்டு நிமிஷம் இரும்மா.”

துணி கனத்தது. மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் கிடந்தது. அதற்கு உடையவள் சாயங்காலம் வந்து நிற்பாள். ராதிகா துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “சீக்கிரம் ஆவட்டும், எனக்கு வேற வேலை இல்லையா?” என்று முணுமுணுத்தபடி, திரைக்கு வெளியிலேயே நின்றாள்.